கேள்வி-பதில்: வார்ப்புச் சோதனைத் தொழிலை விற்கப் போகிறேன்

கேள்வி: கோவை கணபதியில் 22 ஆண்டுகளாக வார்ப்புச் சோதனைத் தொழில் நடத்துகிறேன். உலோகத்தை உருக்கி வார்க்கும் பவுண்டரிகளுக்கும் வால்வு, பம்பு தயாரிப்பவர்களுக்கும், வார்ப்பின் உள்ளே குறை இருக்கிறதா என்று ரேடியோகிராபி (கதிர் பாய்ச்சிப் படமெடுப்பது), அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனை செய்து அறிக்கை கொடுக்கிறோம். தனி உரிமையாளர் நிறுவனம். 11 பேர் வேலை செய்கிறார்கள். எனக்கு வயது 61. மகன் இந்தத் தொழிலுக்கு வர மறுத்துவிட்டான். சென்னையில் இதே தொழில் செய்யும் நிறுவனம் ஒன்று விலைக்குக் கேட்கிறது. கருவிகளின் ஏட்டு மதிப்பும் (கணக்குப் புத்தகத்தில் மிஞ்சியிருக்கும் மதிப்பு) அதற்கு மேல் கொஞ்சமும் தருவார்களாம். வாடிக்கையாளர் பட்டியலை உடனே அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?
- வாசகர், கணபதி

பதில்: அனுப்பாதீர்கள் ஐயா. பேச்சு முறிந்தால் அடுத்த வாரமே அவர்கள் உங்கள் பவுண்டரிகளின் வாசலில் நிற்பார்கள். ரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் முதல் சுற்றில் பெயர்கள் வேண்டாம். ‘அ’ பவுண்டரி, ‘ஆ’ வால்வு கம்பெனி என்று எழுத்துப் போட்டு மூன்று ஆண்டு பில் தொகையைக் காட்டுங்கள். ஒரே இடத்திலிருந்துதான் பாதி வேலை வருகிறது என்றால், அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தேய்மானம் கழித்துக் கழித்து உங்கள் கருவிகள் ஏட்டில் கரைந்திருக்கும். அந்த மதிப்புக்குக் கேட்பது, பொள்ளாச்சிச் சந்தையில் கறவை மாட்டைத் தோல் விலைக்குக் கேட்பது மாதிரி. ஆண்டு லாபத்தை வைத்துப் பேசுங்கள். ஆனால் உங்கள் இடத்தில் ஒருவரை அமர்த்தினால் என்ன சம்பளம் ஆகுமோ, அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாபம். இதைப் பலர் கழிப்பதில்லை, வாங்குபவர் கழித்துவிடுவார். ரேடியோகிராபிக்குக் கதிர் தரும் இரிடியம்-192 சோர்ஸுக்குத் தனி விலை பேசி நேரத்தைப் போக்க வேண்டாம். 74 நாளில் வீரியம் பாதியாகி, ஓர் ஆண்டில் முப்பதில் ஒரு பங்காகிவிடும் சரக்கு அது.

எது கைமாறும், எது மாறாது என்பதில்தான் இந்தத் தொழில் மற்ற தொழில்களிலிருந்து வேறுபடுகிறது. ரேடியோகிராபிக்கான அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய உரிமம் உங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்தது. கடைச் சாவி போல அதைத் தூக்கிக் கொடுக்க முடியாது. வாங்குபவர் தம் பெயரில் அனுமதி பெற்ற பிறகே காமிராவும் (சோர்ஸை உள்ளே வைத்திருக்கும் கருவி) சோர்ஸும் கைமாற வேண்டும். அதற்கு முன் வேனில் ஏற்றவும் சம்மதிக்காதீர்கள். உங்களிடம் வேலை செய்யும் பையன்களின் லெவல்-2 சான்றிதழையும் (சோதனை செய்து முடிவு சொல்லும் தகுதிக்கானது) பாருங்கள். எஸ்என்டி-டிசி-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டு முறையில் அதை வழங்குவது முதலாளி; வேலையை விட்டதும் அது செல்லாது, புதிய முதலாளி மறுபடி தகுதி பார்த்து வழங்க வேண்டும். ஐஎஸ்ஓ 9712 என்ற சர்வதேசத் தரப்படியான சான்றிதழைத் தனி அமைப்பு தருவதால் அது ஆளோடு போகும். உங்கள் 11 பேரில் யாரிடம் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விலை பேச அந்தத் தாள் இல்லாமல் போகாதீர்கள். மூத்த ஆட்கள் இருவரிடமாவது கையெழுத்துக்கு முன் விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. டீக்கடையில் கேள்விப்பட்டால் மனம் முறிந்துவிடும்.

கருவி கருவியாக விற்றால் ஜிஎஸ்டி வரும். ஏட்டு மதிப்புக்கு மேல் கிடைப்பது குறுகிய கால ஆதாயமாகி உங்கள் வருமான வரி விகிதத்தில் போகும். நடக்கும் தொழிலாகவே ஒரே தொகைக்கு மொத்தமாகக் கொடுத்தால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. 22 ஆண்டுத் தொழில் என்பதால் ஆதாயத்துக்கு நீண்ட கால விகிதம், அதாவது 12.5 சதவீதம். ஒப்பந்த வாசகத்தை ஆடிட்டர் பார்க்காமல் முன்பணம் வாங்காதீர்கள்.

‘இந்தியா முழுவதும் பத்து ஆண்டுக்கு இத்தொழில் செய்யக்கூடாது’ என்று எழுதி வருவார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழிலின் நற்பெயரை விற்றவர் மீது குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள், நியாயமான அளவில் மட்டுமே அப்படித் தடை போட இடம் தருகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள், மூன்று ஆண்டு என்று சுருக்கக் கேளுங்கள். விலையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, வாடிக்கையாளர் நிலைத்தால் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் அறிக்கையைத் தாமதமாக்கி வாடிக்கையாளரை இழந்தால் அந்த நஷ்டம் உங்கள் தலையில் விழக்கூடாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் இரும்பு அலமாரியில் இருக்கும் பழைய எக்ஸ்ரே பிலிம்கள். நீங்கள் ‘சரி’ என்று கையெழுத்திட்ட வால்வு ஒன்று நாளைக்கு விரிசல் விட்டால், உங்கள் பக்கம் பேசுவது அந்த பிலிம்தான். விற்பனைத் தேதிக்கு முந்தைய அறிக்கைகளுக்கு யார் பொறுப்பு, அந்த பிலிம்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், நீங்கள் கேட்டால் எத்தனை நாளில் எடுத்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஏறும்வரை அலமாரிச் சாவி உங்களிடமே இருக்கட்டும்.