பதில்: ஃபைண்ட் கூடலூரைக் காட்டுகிறது, கோத்தகிரிக்கு -1 தருகிறது

வணக்கம். பச்சைத் தேயிலை எடைப் பட்டியலில் கூடலூர், குன்னூர் எல்லாம் கிடைக்கின்றன, கோத்தகிரியும் கோடநாடும் கண்ணெதிரே இருந்தும் பைத்தான் நிரல்மொழியில் சொல்லைத் தேடும் ஃபைண்ட், 'கிடைக்கவில்லை' என்பதற்கான -1-ஐத் தருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நிரலில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அநேகமாக அந்தக் 'கோ'தான் காரணம்.

எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் யூனிகோடில் 'கோ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றாக வரலாம். இல்லையென்றால் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஃபைண்ட் பார்ப்பதோ குறியீட்டு எண்களை. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்களுக்கும் 'ஔ' என்ற உயிரெழுத்துக்கும் மட்டுமே இந்தத் தொல்லை, அதனால்தான் கூடலூர் தப்பியது. பழைய எழுத்துருவில் அடித்ததை மாற்றிய கோப்பு என்றால் இப்படி வர வாய்ப்பு அதிகம்.

பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில், இப்படி இரு விதமாக இருப்பதை ஒரே விதமாக்கும் நார்மலைஸ் இருக்கிறது. அதில் 'என்எஃப்சி' (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) என்று கொடுத்து, பட்டியலின் வரி, தேடும் சொல் இரண்டையுமே மாற்றிவிட்டுத் தேடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாமல் போகலாம்.

அப்புறம், ஃபைண்ட் தரும் இடம் நாம் எண்ணும் எழுத்துக் கணக்கு அல்ல. 'கோத்தகிரி' நமக்கு 5 எழுத்து, மாற்றிய பிறகு பைத்தானுக்கு 9. பைத்தான் 0-இலிருந்து எண்ணும்; 'கிரி'யைத் தேடினால் 3 வராது, 5 வரும். அந்த எண்ணை வைத்தே வெட்டுங்கள், நீங்களாக எண்ணி வெட்டினால் புள்ளி தனியாகப் பிய்ந்து வரும்.

இன்னொன்று: ஃபைண்ட் தருவதை நேராக இஃப் நிபந்தனையில் போடாதீர்கள்; அதற்கு 0 என்றால் 'இல்லை', மற்ற எண் எல்லாம் 'உண்டு'. ஊர்ப் பெயர் வரியின் தொடக்கத்திலேயே இருந்தால் 0 வரும், அது 'இல்லை' என்றாகிவிடும். -1 'உண்டு' என்றாகிவிடும். பெயர் இருக்கிறதா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் ஃபைண்டுக்குப் பதில் பைத்தானின் 'இன்' போதும்.