வேணும்னே செய்யவில்லை: ஏ.டி.எச்.டி. பற்றி வாசகர் கேள்விகள்

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் அதிகமும் ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு பற்றியவை. பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் சொல்லிப் பதில் தருகிறேன்.

கேள்வி: மகன் இரண்டாம் வகுப்பு. ஹோம்வொர்க் எழுத ஐந்து நிமிஷம் உட்காரமாட்டான். செல்போன் கொடுத்தால் இரண்டு மணி நேரம் அசையமாட்டான். எல்லாம் கொழுப்பு என்கிறார் மாமியார். அப்படித்தானா? (தக்கலை)

பதில்: இல்லை அம்மா. கவனத்தை வேண்டிய இடத்தில் வைத்து, வேண்டிய நேரம்வரை பிடித்துவைப்பதுதான் இந்தப் பிள்ளைகளுக்குச் சிரமம். செல்போன் விளையாட்டில் சில நொடிக்கு ஒரு சத்தம், ஒரு நிறம், ஒரு பரிசு வந்துகொண்டே இருக்கும். அங்கே அவன் கவனத்தைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை, விளையாட்டே அவனைப் பிடித்து வைத்திருக்கிறது. நாலு கோடு நோட்டு அப்படி எதையும் தருவதில்லை. 2007-ல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வில், இந்தப் பிள்ளைகளின் மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, முதிர்வது சராசரியாக 3 ஆண்டு பிந்துவது தெரிந்தது. அவசரத்தை அடக்கி, கவனத்தை நிறுத்தும் முன்பகுதியில்தான் இந்தத் தாமதம் அதிகம். என்ன செய்யவேண்டும் என்று பிள்ளைக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதைச் செய்ய முடியவில்லை. அதனால் உதவியும் அந்த நேரத்திலேயே பக்கத்தில் இருக்கவேண்டும்.

டிவி சத்தம் கேட்காத இடத்தில் ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் மட்டும் வையுங்கள். ஒரு பக்கம் எழுதச் சொல்லாமல் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே தேங்காய் திருவிக்கொண்டு இருங்கள். மூன்று வரி முடிந்த உடனே, “முடிச்சிட்டியே மக்களே” என்று சொல்லுங்கள். கிணற்றடிவரை ஓடிவிட்டு வரட்டும், அப்புறம் அடுத்த மூன்று வரி. நின்றுகொண்டு எழுதினாலும் விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முட்டம் பீச்சுக்குக் கூட்டிப்போகிறேன் என்ற வாக்கு செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்கு உதவாது, அவனுக்கு அது ரொம்ப தூரம்.

இது ஏ.டி.எச்.டி.தானா என்று ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ சொல்லாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி இரண்டிலும் தெரியவேண்டும். முதலில் கண்ணையும் காதையும் பார்த்துவிட்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவில் காட்டுங்கள்.

கேள்வி: இனிப்பை நிறுத்தினால் அடங்குவானா? கண்ணேறும் கழித்துப் பார்த்தோம். (கருங்கல்)

பதில்: எதில் சர்க்கரை இருக்கிறது என்று பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், பிள்ளைகளின் நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை. பல்லுக்காக இனிப்பைக் குறையுங்கள், அது போதும். கண்ணேறு கழிப்பது உங்கள் மன ஆறுதலுக்கு இருக்கட்டும், டாக்டரிடம் போவதை மட்டும் அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்றைக் கவனியுங்கள்: ராத்திரி குறட்டை விடுகிறானா? வாயைத் திறந்துவைத்துத் தூங்குகிறானா? மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கித் தூக்கம் கெடுகிற பிள்ளையும் பகலில் இதே மாதிரிதான் இருக்கும்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. 34 பிள்ளைகளில் ஒருவன் எழுந்து எழுந்து நடக்கிறான், கேள்வி முடியுமுன் பதிலைக் கத்துகிறான். அவன் ஒருவனுக்காக மற்றவர்களை விட முடியுமா? (குலசேகரம்)

பதில்: விடவேண்டாம் டீச்சர். அவனுக்காகச் செய்வதில் பாதி 34 பேருக்கும் நல்லதுதான். ஜன்னலையும் வாசலையும் விட்டுத் தள்ளி, உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உட்காரவையுங்கள். “கணக்கு நோட்டை எடு, தேதி போடு, பக்கத்தைத் திருப்பு, மூணாவது கணக்கைச் செய்” என்பதில் நாலு வேலை இருக்கிறது. அவன் நோட்டை எடுத்துக்கொண்டு முழிப்பான். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அவன் எழுந்து நடக்கத்தான் போகிறான் என்றால் அந்த நடையை வேலையாக்கிவிடுங்கள்: நோட்டு விநியோகம், போர்டு துடைப்பது, வருகைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர் அறைக்குக் கொண்டுபோவது. தண்டனையாக விளையாட்டு பீரியடைப் பிடுங்காதீர்கள், தயவுசெய்து. அந்த ஓட்டம்தான் அடுத்த பீரியடுக்கு அவனை உட்காரவைக்கும்.

நான் போயிருந்த ஒரு வகுப்பில், ஆசிரியை ஒரு பையனின் டெஸ்க்கில் தபால் அட்டை அளவுக்கு ஒரு அட்டை ஒட்டியிருந்தார். பீரியடுக்கு ஒரு கட்டம். பதில் சொல்லுமுன் கையைத் தூக்கினால் டிக், அவ்வளவுதான். மற்ற சேட்டைக்கெல்லாம் கணக்கில்லை. அவன் மறந்து வாயைத் திறக்கும்போது அவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்தப் பக்கமாக நடந்து அட்டையை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். அவன் வாயைப் பொத்திக்கொண்டு கையைத் தூக்கினான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

பெற்றோரிடம் பேசும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள், அது டாக்டர் வேலை. என்றைக்கு, எந்த நேரத்தில், என்ன பார்த்தீர்கள் என்று இரண்டு வாரம் எழுதிக் கொடுங்கள். டாக்டருக்கு மிகவும் உதவும் தாள் அது. வட்டார வள மையச் சிறப்பாசிரியரையும் அழையுங்கள். அடி மட்டும் வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடை செய்திருக்கிறது, அடியால் இந்தக் குறைபாடு மாறவும் போவதில்லை.

கேள்வி: நான் மஸ்கட்டில் இருக்கிறேன். 9 வயது மகனுக்கு டாக்டர் மீத்தைல்ஃபெனிடேட் எழுதியிருக்கிறார். மூளை மந்தமாகும், பழகிப்போகும் என்கிறார்கள். வாங்கவேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். (சொந்த ஊர் திங்கள்நகர்)

பதில்: உங்கள் பயம் புரிகிறது தம்பி. ஆனால் இது தூக்க மாத்திரை இல்லை. மூளையின் முன்பகுதியில் டோபமின் என்ற ரசாயனத்தைக் கூட்டி, கவனத்தை நிறுத்த உதவுகிற மருந்து. 50 ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். டாக்டர் சொன்ன அளவில், அவர் கண்காணிப்பில் கொடுத்தால் பிள்ளை அதற்கு அடிமையாவதில்லை. பக்க விளைவு உண்டு: பசி குறையும், சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும், வயிறு வலிக்கும். அதனால் காலைச் சாப்பாடு முடிந்து மாத்திரை கொடுங்கள். சாயங்காலம் பசி திரும்பும்போது வயிறு நிறையக் கொடுங்கள். எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். குடும்பத்தில் இதய நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளை மந்தமாகத் தெரிந்தால் அளவு கூடிவிட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றாதீர்கள். 6 வயதுக்குக் கீழே என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மாத்திரை பிறகு. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டியவன்.

அடுத்த தடவை மனைவி டாக்டரிடம் போகும்போது வீடியோ காலில் நீங்களும் இருந்து, இந்தக் கேள்விகளை அவரிடமே கேளுங்கள். பள்ளியில் குறை கேட்பதும் உங்கள் மனைவி, வீட்டில் சமாளிப்பதும் அவர். முடிவின் பாரத்தையாவது சேர்ந்து சுமக்கலாம்.

கேள்வி: தங்கை ஒன்பதாம் வகுப்பு. சேட்டையே கிடையாது. எப்போதும் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த மழைக்காலத்தில் மட்டும் மூன்று குடை தொலைத்துவிட்டாள். மந்தம் என்கிறார்கள். (மார்த்தாண்டம்)

பதில்: அந்தச் சொல்லை வீட்டில் யாரும் சொல்லவிடாதே அம்மா. ஓடியாடாமல் கவனம் மட்டும் சிதறுகிற வகையும் ஏ.டி.எச்.டி.யில் உண்டு. யாருக்கும் தொந்தரவு தராததால் பெண்பிள்ளைகளிடம் அது பல வருஷம் கண்ணில் படாமலே போகிறது. சின்ன வகுப்பிலிருந்தே இப்படியா, இந்த வருஷம்தானா என்று அம்மாவிடம் கேள். இந்த வருஷம்தான் என்றால் ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு இவற்றைப் பார்க்கவேண்டும். இதற்கிடையில் வாசலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துக் குடையையும் பையையும் அங்கே மட்டும் மாட்டச் சொல். பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை.

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேர்வில் சலுகை கிடைக்குமா? (நாகர்கோவில்)

பதில்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. ஆனால் கற்றல் குறைபாடு இருக்கிறது, இரண்டும் சேர்ந்து வருவது சகஜம். அதற்கும் சோதித்துச் சான்றிதழ் வாங்கினால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவற்றைக் கேட்கலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

கேள்வி: பேரனுக்கு 8 வயது. அவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், இப்போது ஒழுங்காகக் கடலுக்குப் போகிறான். வளர்ந்தால் சரியாகாதா? (குளச்சல்)

பதில்: இது குடும்பத்தில் வருவதுதான் பாட்டி. ஓட்டமும் சாட்டமும் வயதோடு குறையும். மறதியும் அவசரமும் பலருக்குப் பெரியவரானபிறகும் தொடரும். அதனால் இப்போதே உதவுங்கள். சின்ன வயதில் தனக்கு எது கஷ்டமாக இருந்தது, யார் எப்படிச் சொன்னபோது கேட்டேன் என்று உங்கள் மகன் கரைக்கு வரும் நாளில் பேரனோடு உட்கார்ந்து பேசட்டும். அப்புறம், இந்தப் பிள்ளைகள் யோசிக்குமுன் பாய்ந்துவிடுவார்கள். நீச்சல் கற்றுக்கொடுங்கள். கற்றபிறகும் அலையடிக்கும் இடத்தில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் விடாதீர்கள்.