அருங்காட்சியகத்தில் கவுனுக்கு என்ன வேலை?

ஐயா,

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கட்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். நியூயார்க்கில் மே மாதம் நடக்கும் மெட் காலா விருந்தின் படங்கள் ஆண்டு தவறாமல் கைப்பேசியில் வந்து விழுகின்றன. அந்த விருந்துக்குப் பின்னால் ஓர் உடைக் கண்காட்சி இருக்கிறது என்பதே எனக்கு இந்த ஆண்டுதான் தெரிந்தது. துணி என்றால் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்ற கணக்கு), ஷிப்மென்ட் தேதி என்றே பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். ஓவியத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் கவுன் கலையாகிவிடுமா? அல்லது இது பெரிய கம்பெனிகளின் ஷோரூம்தானா?

எம்.எஸ்., திருப்பூர்

அன்புள்ள எம்.எஸ்.,

விருந்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். மெட் என்று சுருக்கிச் சொல்லும் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உடைப் பிரிவு தன் செலவுக்குத் தானே பணம் திரட்டிக்கொள்ள வேண்டும். பிரபலங்களின் அந்தப் படிக்கட்டு ஊர்வலம் அதற்கான வசூல்.

கவுன் கலையா என்ற கேள்வியில் எனக்கு அதிக ஆர்வமில்லை. 2017இல் அதே மெட், ஜப்பானிய வடிவமைப்பாளர் ரெய் கவாகுபோவுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. வாழும் வடிவமைப்பாளர் ஒருவருக்கு அந்த மரியாதை, 1983இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரானுக்குப் பிறகு அப்போதுதான் கிடைத்தது. அந்த அம்மையாரோ, தான் செய்வது கலையே இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பவர். அவரே வேண்டாம் என்கிற பட்டத்துக்கு நாம் ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? உடையையும் ஓவியத்தையும் சேர்த்து வைத்ததால், தனித்தனியே பார்த்தபோது கண்ணில் படாத ஏதாவது படுகிறதா என்பதுதான் என் கேள்வி.

2012இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு நியூயார்க், சிகாகோ என்று பயணம் போன ஒரு கண்காட்சியில் அப்படிப் பட்டது. இம்ப்ரெஷனிச ஓவியர்களும் (வெளிச்சத்தின் கணநேரத் தோற்றத்தைத் தீட்டிய 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்கள்) அவர்கள் காலத்து உடையும் என்பது அதன் பொருள். அல்பேர் பார்தோலோமே 1881 வாக்கில் தன் மனைவியை வரைந்த படம் அங்கே இருந்தது. செடிகள் சூழ்ந்த கண்ணாடி அறையின் வாசலில் நிற்கிறார் அந்தப் பெண். படத்தோடு, அதில் அவர் அணிந்திருக்கும் அதே உடையும் இருந்தது. வெள்ளைப் பருத்தித் துணி, ஊதாப் புள்ளிகளும் கோடுகளும் அச்சிட்டது. அந்த மனைவி 1887இல் இறந்துபோனார். பார்தோலோமே ஓவியத்தை விட்டுச் சிற்பத்துக்குப் போனார். உடை மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தது. பொம்மைக்கு உடுத்திய அந்தத் துணியில் மடிப்பும் தையலும் இடுப்பின் நம்பமுடியாத ஒடுக்கமும் இருக்கின்றன. அதற்குள் ஒருத்தி எப்படி மூச்சு விட்டாள், எப்படி அவ்வளவு இயல்பாக வாசலில் வந்து நின்றாள் என்ற வியப்பு, படத்தைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் வருகிறது.

(அதே கண்காட்சியில், தோட்டக் காட்சி ஓவியங்கள் இருந்த அறையில் செயற்கைப் புல் விரித்துப் பறவைச் சத்தமும் ஒலிக்கவிட்டார்கள். மோனேயின் வெயிலுக்கு இந்த ஒத்தாசை எதற்கு?)

இனி உங்கள் தொழில் சங்கதி. டச்சு ஓவியர் மோன்ட்ரியானின் கட்டங்களை வைத்துச் சான் லோரான் 1965இல் செய்த மோன்ட்ரியான் உடையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள்: கறுப்புக் கோடுகள், சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள். 2022இல் சான் லோரான் தன் பெயரில் வெளியிட்ட முதல் தொகுப்பின் 60ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸின் ஆறு அருங்காட்சியகங்கள் அவர் உடைகளைக் காட்சிக்கு வைத்தன. பொம்பிடூ மையத்தில் இந்த உடை மோன்ட்ரியான் ஓவியத்துக்கு அருகில் நின்றது. துணி கம்பளி ஜெர்சி. ஒரு கட்டம்கூட அச்சடித்ததில்லை, எல்லாம் தனித்தனியே வெட்டி இணைத்தவை. உடம்பின் வளைவுக்கு டார்ட் (துணியை மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடித்தால் கட்டம் கோணிவிடும். பிடிக்காவிட்டால் சாக்குப்பை. ஆகவே வளைவு முழுவதையும் கட்டங்கள் சேரும் தையல்களுக்குள் ஒளித்துவிட்டார்கள். மோன்ட்ரியான் தட்டையாகவே இருக்க வேண்டும் என்று இழுத்த கோடு இங்கே மார்பையும் இடுப்பையும் தாங்குகிறது. 1944இலேயே இறந்துவிட்ட அவர் இதைப் பார்த்திருந்தால் ரசித்திருப்பாரா, எரிச்சல்பட்டிருப்பாரா சொல்ல முடியாது. உடனே மலிவு நகல்கள் சந்தையில் குவிந்தன. நகலையும் அசலையும் உள்பக்கம் திருப்பிக் கொடுத்தால் உங்கள் கட்டிங் மாஸ்டர் ஒரே நிமிடத்தில் பிரித்துவிடுவார்.

ஷோரூம் என்ற உங்கள் சந்தேகத்துக்கும் ஆதாரம் உண்டு. 2000இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோர்ஜியோ அர்மானியின் உடைகளைக் காட்சிக்கு வைத்தது. அவர் அருங்காட்சியகத்துக்கு 1.5 கோடி டாலர் தரவிருப்பதாகச் செய்தி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றது நிர்வாகம். பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு: கண்காட்சியின் தலைப்பே அவர் பெயர்தான். உடைகளைக் கால வரிசையிலும் அடுக்கவில்லை. ஒரு கோட்டு எதிலிருந்து எதுவாக மாறியது என்று பார்வையாளர் தெரிந்துகொள்ள வழியில்லை. இன்றும் கருப்பொருளின் இடத்தில் கம்பெனியின் பெயர் நிற்கும் கண்காட்சி என்றால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

விருந்துப் படங்களை விட்டுவிட்டு, மெட்டின் இணையதளத்தில் அந்த 1965 உடையைத் தேடிப் பாருங்கள், அவர்களிடமும் ஒன்று இருக்கிறது. வளைவை எந்தத் தையலில் எடுத்திருக்கிறார்கள் என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் எனக்கு எழுதுங்கள்.