வேலையில்லாதோர் உதவித்தொகையை உயர்த்துவது, நீட்டிப்பது பற்றித் தமிழ்நாட்டில் கட்சிகள் ஏன் பேசுவதில்லை?

ஓசூர்ப் பக்கத்து ஆளாகச் சொல்கிறேன்: அதைப் பேசி ஓட்டு வாங்க முடியாது என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

மாநில எல்லையில் இருக்கும் அத்திப்பள்ளியைத் தாண்டினால் கதை வேறு. 2023 கர்நாடகத் தேர்தலில் காங்கிரஸ் கொடுத்த ஐந்து வாக்குறுதிகளில் யுவ நிதியும் ஒன்று. வேலை கிடைக்காத பட்டதாரிக்கு மாதம் 3,000, டிப்ளமோ முடித்தவருக்கு 1,500, அதிகபட்சம் இரண்டு வருடம். நம் பக்கம் பட்டதாரிக்கு 600, பத்தாவது தேறியவருக்கு 300, மூன்று வருடம். அதற்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-ஐத் தாண்டக் கூடாது. வீட்டில் இரண்டு பேர் கூலிக்குப் போனாலே தாண்டிவிடும்.

இங்கே பணம் வேறு வழியாக வீட்டுக்குள் வருகிறது. மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை 2023 ஜூலையில் முதல்வர் தொடங்கிவைத்ததே தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான். மகனுக்கு வேலை போன மாதத்தில் அம்மாவின் அந்த 1,000 ரூபாய்தான் மளிகைக்கு ஆகிறது. அரசியலாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். மகன் இன்று ஓசூர், நாளை பெங்களூரு, அப்புறம் திருப்பூர் என்று போய்விடுவான். அம்மா ஊரிலேயே இருந்து ஓட்டுப் போடுவார். மகனுக்கென்று கேட்டால் சிப்காட் தொழிற்பேட்டையையும் வேலைவாய்ப்பு முகாமையும் காட்டுவார்கள்.

உண்மையில் நீட்டிப்பு நடந்தது இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில். அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம், 2018-இல் வந்தது. (இந்தப் பெயரைச் சொல்லி யார் விண்ணப்பம் கேட்பது!) வேலை போனால் 90 நாள் வரை சராசரிக் கூலியில் கால் பங்கு தருவார்கள். கொரோனாவில் அதைக் கூலியில் பாதி என்று உயர்த்தினார்கள். அந்தச் சலுகை 2020 டிசம்பரோடு முடிய வேண்டியது. 2021 ஜூன், 2022 ஜூன் என்று தள்ளி, அப்புறமும் நீட்டித்தார்கள். மாதம் 15,000 வாங்கியவருக்கு ஒரு நாளுக்கு 250 வீதம் 22,500 ரூபாய் வரும். மாநில உதவித்தொகையில் ஒரு பட்டதாரி மூன்று வருடமும் வாங்கினால் மொத்தம் 21,600. இப்படி ஒன்று இருப்பதை ஓசூரில் ஒரு கூட்டத்தில்கூட யாரும் மைக்கில் சொல்லி நான் கேட்டதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும், கடைசி ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது, அதற்கு முந்தைய மூன்று கணக்குகளில் ஏதாவது ஒன்றிலும் 78 நாளாவது பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது சிலர் புது இ.எஸ்.ஐ. எண் போட்டுவிடுகிறார்கள். பழைய வருடங்கள் பழைய எண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே கான்ட்ராக்டில் இருப்பவர்கள் புது ஆளிடம் சேரும்போதே பழைய எண்ணைக் கொடுத்து அதையே தொடரச் சொல்லுங்கள். வேலை போய் முப்பது நாள் ஆனதும் கம்பெனி கையெழுத்துக்குக் காத்திருக்காமல் நேராக விண்ணப்பிக்கலாம்.

சட்டப்படி அப்ரண்டிஸாகச் சேர்ந்த பையன்களுக்கு இதுவும் இல்லை, அவர்கள் இ.எஸ்.ஐ.க்குள்ளேயே வருவதில்லை. பயிற்சி முடிந்து வெளியே அனுப்பினால் மறுநாளே அவர்களும் வேலையில்லாதவர்கள்தான், ஆனால் 600 ரூபாய்க்கு ஐந்து வருடப் பதிவு கேட்பார்கள்.