‘காலை இழுத்தேன்’ என்றால் கோபிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த மாமாவின் மகன், பரீட்சை முடிவு வெளிவந்துவிட்டதாகச் சொல்லி என்னைப் பதறவைத்துவிட்டு, ‘ஐ வோஸ் ஒன்லி புல்லிங் யுவர் லெக்’ என்று சிரித்தான். அம்மம்மா என்னவென்று கேட்க, ‘என் காலை இழுத்தானாம்’ என்றேன். ‘சொந்த மச்சாளின் காலையே வாருகிறானா?’ என்று அவருக்கு வந்த கோபம் இரண்டு நாளாகத் தணியவில்லை. இத்தகைய தொடர்களை எப்படிப் படிப்பது?
– உயர்தர மாணவி, கிளிநொச்சி

பதில்: அம்மம்மா கோபித்ததில் பிழையில்லை, பிழை உங்கள் மொழிபெயர்ப்பில்தான் இருக்கிறது. தமிழில் காலை வாருவது என்பது நம்பியிருந்தவரைக் கவிழ்ப்பது. ஆங்கிலத்தில் காலை இழுப்பதோ, பொய்யொன்றைச் சொல்லி ஒருவரைச் சற்று நேரம் ஏமாற்றிச் சிரிப்பது. ‘பகிடிக்குச் சொன்னவனாம்’ என்று நீங்கள் சொல்லியிருந்தால் சங்கதி அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

இத்தொடர்களைச் சொல் சொல்லாகப் பிரித்தால் பொருள் கிடைக்காது. ஒரு சொல்லை மாற்றினாலும் தொடர் குலைந்துவிடும். ‘கிக் த பக்கற்’ என்பதன் நேர்ப்பொருள் வாளியை உதைப்பது. வழக்குப் பொருள் இறந்துபோவது. 1785இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே இது பதிவாகியிருக்கிறது. நம்மிடம் இதற்குச் சரியான இணை ‘மண்டையைப் போட்டார்’ என்பது. மண்டைக்குப் பதிலாகத் ‘தலையைப் போட்டார்’ என்று நாம் சொல்வதில்லை. செத்த வீட்டுக்குப் போய், இறந்தவருடைய பிள்ளைகளிடம் ‘அப்பா எப்போது மண்டையைப் போட்டார்?’ என்று கேட்பதுமில்லை. அந்த ஆங்கிலத் தொடரையும் இரங்கல் செய்தியில் எழுதிவிடக் கூடாது.

ஆகவே, நூறு தொடர்களை வரிசையாக அடுக்கிய கையேட்டை மனப்பாடம் செய்வதைவிட, மச்சான் திரும்பிப் போகுமுன் அவர் பேச்சில் உண்மையாகவே வரும் பத்துத் தொடர்களைக் கேட்டு, யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார் என்பதையும் சேர்த்துக் கொப்பியில் எழுதிவையுங்கள். எதிர்ப்பக்கத்தில் நேர்ப்பொருளை எழுதாமல், அதே இடத்தில் நம்மூரவர் என்ன சொல்வார் என்று எழுதுங்கள். பொழுது சாய, களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் வாய்க்காலில் கைகால் கழுவியபடி ‘இண்டைக்கு இவ்வளவும் காணும்’ என்பார்களே, அதுதான் ‘கோல் இட் எ டே’. ‘அண்டர் த வெதர்’ என்பதில் காலநிலை எதுவுமில்லை. உடம்பு கொஞ்சம் சரியில்லை என்பதே கருத்து. ஆஸ்பத்திரியில் மறித்து வைத்திருக்கும் நோயாளிக்கு அது பொருந்தாது.

கேள்வி: எங்கள் அலுவலகத்துக்கு வந்திருக்கும் அமெரிக்கரை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தேன். ‘ரெய்ன் செக்’ என்று ஏதோ சொன்னார். அன்று மழையே இல்லை. வருவாரா, மாட்டாரா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: அன்றைக்கு வரமாட்டார். அமெரிக்காவில் பேஸ்போல் ஆட்டம் மழையால் நின்றுபோனால், கையிலிருக்கும் ரிக்கற் துண்டைக் காட்டி இன்னொரு நாள் ஆட்டத்தைப் பார்க்கலாம் என்ற ஏற்பாடு இருந்தது. அந்தத் துண்டின் பெயரே, அழைப்பைத் தள்ளிவைக்கும் பேச்சாக மாறியது. அவராகவே வேறொரு நாளைக் குறிப்பிட்டால் சோற்றை உலையில் போடலாம். நாள் எதுவும் சொல்லாவிட்டால், நாம் சொல்லும் ‘பிறகு பாப்பம்’ போல எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மழை ‘காட்ஸ் அண்ட் டோக்ஸ்’ பெய்கிறது என்பது சரியா?
– வாசகி, முள்ளியவளை

பதில்: சரிதான், பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்றால் மழை கொட்டித் தீர்க்கிறது என்று பொருள். ஆனால் தொடர் பழையது. எழுத்தாளர் ஜொனதன் சுவிஃப்ற் 1738இலேயே அதை எழுதிவிட்டார். நம் பாடக்குறிப்புகளில் அது வாழும் அளவுக்கு இன்றைய ஆங்கிலேயர் வாயில் வாழவில்லை. அவர்கள் பெரும்பாலும் ‘இற்ஸ் போரிங்’, அதாவது மழை கொட்டுகிறது, என்று முடித்துவிடுவார்கள். ‘போரிங்’ என்பதன் முதல் எழுத்தைப் ‘பால்’ என்பதில் வரும் பகரம்போல உதட்டை அழுத்திச் சொல்லுங்கள். ‘தம்பி’யில் வரும் மெல்லொலியாகச் சொன்னால் மழை அலுப்பாக இருக்கிறது என்று பொருளாகிவிடும், விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் கமக்காரர் முன்னால் அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.