சனிக்கிழமை வரும் அம்மாவின் பெயர் என்ன?

கேள்வி: எங்கள் அம்மா 86 வயதில் சென்ற மாதம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சி.எஸ்.ஐ. சபையில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராகப் பல வருடம் இருந்தவர். சனிக்கிழமை தோறும் வீடு வீடாகப் போய்ப் பிடியரிசி (ஊழியத்துக்கென்று வேளைக்கு ஒரு பிடி எடுத்து வைக்கும் அரிசி) பிரித்தவர். நான் வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன், லீவு முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் நினைவு ஆராதனை வைத்து ஒரு நினைவு மலர் வெளியிட ஆசை. அண்ணன் கிரானைட் கல்லறைதான் முக்கியம் என்கிறார். அக்கா, அம்மா பெயரில் சபைக்கு மின்விசிறி வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார். துக்கம் விசாரிக்க தினமும் ஆட்கள் வருகிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலையிலிருந்து ஒரு வயசான அம்மாகூட சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்து, திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். பெயர்கூடத் தெரியாது, நம் சபையும் இல்லை, என்ன பேசுவதென்று தெரியவில்லை. மலரில் அம்மாவைப் பற்றி என்னென்ன எழுதலாம்? மனசு தாங்கவில்லை, வழி சொல்லுங்கள்.
ஒரு மகன், விளவங்கோடு வட்டம்

பதில்: தம்பி, மனசு தாங்காததைப் பிறகு பார்ப்போம். சனிக்கிழமை பிடியரிசி பிரிக்கும் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மா வருவதும் சனிக்கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் உங்கள் கையாலேயே எழுதிவிட்டு, உங்களுக்கு ஒன்றுமே தோன்றவில்லையா?

அம்மாவோடு பிடியரிசிக்குக் கூட நடந்தவராகத்தான் அவர் இருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் கூட்டுக்காரி, அதாவது சிநேகிதி என்றால் அவருக்கும் எண்பதுக்குக் குறையாது. பாறசாலையில் கேரள பஸ் ஏறி, களியக்காவிளையில் இறங்கி, இந்தப் பக்கத்து டவுன் பஸ் மாறி, அப்புறம் நடந்தும் வரவேண்டும்.   இத்தனையும் செய்து வந்து உட்காருகிறவருக்கு ஒரு கட்டன் சாயா கொடுத்தீர்களா என்றுகூடக் கடிதத்தில் இல்லை. நீங்கள் வெளிநாட்டில் இருந்தீர்கள், சரி. ஊரிலேயே இருக்கும் அண்ணனுக்குமா பெயர் தெரியாது? அண்ணன் மனைவி, உங்கள் மைனிக்கு? உங்கள் குடும்பத்தில் யாரும் அம்மாவிடம் ‘இவங்க யாரும்மா’ என்று கேட்டதே இல்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் சேதி. சங்கச் செயலாளர் என்கிற பதவி சபை அறிக்கையில் இருக்கிறது, அதைச் சொல்ல மகன் தேவையில்லை.

‘நம் சபையும் இல்லை’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு அது தடையாக இருந்ததாகத் தெரியவில்லை, உங்களுக்கு ஏன்? 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அம்மாவுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. அந்த அம்மா பாறசாலையிலேயே பிறந்தவர் என்றால், இரண்டு பேரும் ஒரே திருவிதாங்கூரில் பிறந்து வேறு வேறு மாநிலத்தில் கிழவியானவர்கள். இந்தச் சிநேகம் எங்கே தொடங்கியது, எப்படி நிலைத்தது என்பதைச் சொல்ல இப்போது ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார்.

ஆகவே அடுத்த சனிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். நீங்கள் அவர் வீட்டுக்குப் போங்கள். விலாசம் தெரியாதென்று சொல்லாதீர்கள். அம்மாவின் செல்போனிலோ அலமாரிக் கதவின் உள்பக்கத்திலோ நம்பர் இருக்கும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். காலையில் பத்து மணிக்கு மேல், அவர் சாப்பிட்டு முடித்த பிறகு போங்கள். கூட ஓர் ஆள் போதும், முடிந்தால் பேத்தி. பழைய குரூப் போட்டோக்களில் நாலைந்தைக் கையோடு எடுத்துப் போங்கள். ‘அம்மா எப்படிப்பட்டவங்க’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷி’ என்று பதில் வரும், அதோடு முடிந்தது. போட்டோவைக் கையில் கொடுத்து ‘இது யாரு?’ என்று தொடங்குங்கள். முதலில் எங்கே பார்த்தீர்கள், சந்தையிலா, ஆஸ்பத்திரியிலா? எதற்காகச் சண்டை போட்டீர்கள், யார் முதலில் பேசினார்கள்? அம்மா எதற்குப் பயந்தார்? எங்களைப் பற்றி என்ன சொல்லி வருத்தப்பட்டார்? கடைசிக் கேள்விக்கு வரும் பதில் உங்களுக்கு வலிக்கும். வலிக்கட்டும்.

முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள், களைத்தால் முதியவர்கள் பேச்சைச் சுருக்கிவிடுவார்கள். ஐந்து வாரத்தில் மூன்று தடவை தாராளமாகப் போகலாம். அனுமதி கேட்டுவிட்டுப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். போனை மடித்த துண்டின் மேல், அவரிடமிருந்து ஒரு முழத்துக்குள் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தம்கூட இடிபோல விழும். ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள், நடுவில் அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு அதோடு நின்றுவிடும். தலைக்கு மேல் ஓடும் மின்விசிறிதான் பெரிய எதிரி, அதை நிறுத்திவிட்டு ஜன்னலோரம் உட்காருங்கள். முதல் இரண்டு நிமிடத்தைப் பதிந்து, கேட்டுப் பார்த்த பிறகு தொடருங்கள். எழுதும்போது அவருடைய பேச்சைத் திருத்தாதீர்கள். ‘எனக்க கூட்டுக்காரி’ என்று அவர் சொன்னால் ‘என் அருமைத் தோழி’ என்று மாற்றி வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

பிடியரிசியைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியாது, மலரில் விளக்கமாக எழுதுங்கள். உலைக்கு அளந்த அரிசியிலிருந்து வேளைக்கு ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது, வாரம் ஒரு முறை சங்கத்துப் பெண்கள் வந்து வாங்கிப் போவது, சேர்ந்ததை விற்று ஊழியத்துக்கும் இல்லாத வீட்டுக்கும் கொடுப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு இரண்டு வேளை உலை வைக்கும் வீட்டில் வாரத்துக்கு 14 பிடி. பிடிக்கு 45 கிராம் என்றால் 630 கிராம். 40 வீடு ஏறி இறங்கினால் 25 கிலோ. மேடும் பள்ளமுமான நம்ம ஊர் வழியில் அந்தச் சுமையைத் தூக்கியது யார்? உங்கள் அம்மா தனியாகவா?

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. வாங்கப் போகிறவளுக்குத்தான் எந்த வீட்டில் அடுப்பு அணைகிறது என்று முதலில் தெரியும். போன வாரம் பானை நிறைய இருந்தது, இந்த வாரம் அடியில் கிடக்கிறது என்றால் அந்த வீட்டில் வேலை போயிருக்கும், அல்லது ஆள் படுத்திருக்கும். அந்த வீட்டில் உங்கள் அம்மா வாங்காமல் வந்தாரா, போட்டுவிட்டு வந்தாரா? சங்க மினிட்ஸில் இதெல்லாம் ஏறாது, கூட நடந்தவருக்குத் தெரியும். ஆனால் உதவி பெற்ற வீட்டின் பெயரை மலரில் போடாதீர்கள். அங்கே கல்யாண வயதில் பிள்ளைகள் இருப்பார்கள்.

அம்மாவின் கணக்கு நோட்டு எங்கேயாவது இருக்கும். வீடு ஒதுக்குகிறேன் பேர்வழி என்று பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடாமல் இன்றைக்கே எடுத்து வையுங்கள். ஈரமாக இருந்தால் நிழலில், காற்றில் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் தாள் முறுகி மையும் வெளிறும். துருப்பிடித்த பின்னை இழுக்காமல் பின்பக்கக் காலை நிமிர்த்திக் கழற்றுங்கள். எழுத்து மலையாளமாக இருந்தால் திகைக்க வேண்டாம், அந்தத் தலைமுறையில் நம்ம தாலுகாவில் அது சகஜம். வாசிக்கவும் அந்த அம்மாவிடமே கொடுத்துப் பாருங்கள்.

தேதிகளில்தான் எல்லாக் குடும்பமும் கவிழ்கிறது. பெரியவர்கள் சொல்லும் வருடம் கொல்லம் ஆண்டாக, அதாவது மலையாளக் கணக்கு ஆண்டாக இருக்கும். ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்றால் 1099, அதாவது 1924. ஆகஸ்ட் நடுவில் சிங்ஙம் (நம்ம ஆவணி) பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்டுங்கள், ஜனவரியிலிருந்து கர்க்கடகம் (ஆடி) முடிய 825. சிங்ஙம் 1115 என்றால் 1939, கும்பம் (மாசி) 1115 என்றால் 1940. தனு (மார்கழி) மாதம் மட்டும் டிசம்பரிலும் ஜனவரியிலும் கால் வைத்து நிற்கும், அதில் நாளையும் பார்க்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இருப்பது பல நேரம் வாத்தியார் போட்ட தேதி. சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கல்லறையில் ஒரு தேதி, மலரில் ஒரு தேதி என்று ஆகிவிட்டால் கிரானைட்டில் அழிக்க முடியாது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள், கல்லுக்கு ஆர்டர் கொடுப்பதைத் தானாக ஒத்திப் போடுவார்.

படங்கள்: ஒட்டும் ஆல்பத்திலிருந்து பிய்க்காதீர்கள். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்தின் அடியில் கொடுத்து மெதுவாக அறுத்து எடுக்கலாம். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைத் தொடவே கூடாது, கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னப் படம் என்றால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நசுங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

மலருக்கு ஏ5 அளவில் 16 பக்கம் போதும். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் நாலின் மடங்கில்தான் வரும், 17 எழுதினால் 20 ஆகிவிடும். உள்ளே 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ போடுங்கள். பளபளக்கும் ஆர்ட் பேப்பரில் வெளிச்சம் பட்டால் அம்மாவின் வயதுக்காரர்களுக்கு வாசிக்க முடியாது. எழுத்து 13 புள்ளிக்குக் குறைய வேண்டாம். டிடிபியில் யுனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பு ஓர் இடத்தில் கால் ஓர் இடத்தில் நிற்கும், ஜ, ஸ, க்ஷ சிதறும். அதனால் ஒருவர் பெயர்களை மட்டும் சரிபார்க்க வேண்டும், இன்னொருவர் முழுதும். பேரன் பேத்திகள் பட்டியலுக்கு ஒரே பக்கம். நாலு பக்கம் கொடுத்தால் அது உங்கள் குடும்ப விளம்பரம். கூட்டுக்காரிக்கு நாலு பக்கம் கொடுங்கள், படத்தோடு. பெயரை எப்படிப் போட வேண்டும், வீட்டுப்பேர் முன்னால் வருமா பின்னால் வருமா என்று அவரிடமே கேளுங்கள்.

ஆராதனைக்கு ஆயரிடம் இரண்டு வாரம் முன்பே பேசுங்கள். அந்த அம்மாவை அழைத்துவர, கொண்டுவிடக் கார் அனுப்புங்கள், இடம் குடும்பத்தோடு முன்வரிசையில். வேறு மதம், வேறு சபை என்று யாராவது முணுமுணுத்தால் அம்மா யாருடன் பழகினார் என்பதை முடிவு செய்ய அவர் யார் என்று கேளுங்கள். மைக் முன்னால் அவரை நிறுத்தாதீர்கள். நடுங்கிப்போவார். அவர் சொன்னதைப் பேத்தி மூன்று நிமிடத்தில் வாசிக்கட்டும். அம்மாவைப் பற்றிச் சாட்சி சொல்லும் மற்றவர்களுக்கும் அதே மூன்று நிமிடம், அரசியல்வாதி வந்தாலும்.

மின்விசிறியைப் பற்றி அக்காவிடம் சண்டை வேண்டாம். இறக்கையில் எழுதும் பெயர் கரண்ட் போனால்தான் தெரியும் என்பதை மட்டும் சொல்லிப் பாருங்கள்.

அச்சுக்குப் போகும் முன் முதல் படியை எடுத்துக்கொண்டு பாறசாலைக்குப் போய், அவருக்குரிய நாலு பக்கத்தையும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ‘இது வேண்டாம்’ என்று அவர் சொல்லும் வரியை ஏன் என்று கேட்காமல் அடித்துவிடுங்கள். பதிவின் ஒரு பிரதியை அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுங்கள். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அவர் சனிக்கிழமை வருவார். மைனிக்கு இப்போதே அவரை அறிமுகம் செய்து வையுங்கள், சாயாவுக்குச் சர்க்கரை போடலாமா கூடாதா என்பது உட்பட.