ஒரே பட்ஜெட், ரெண்டு டிவி: எதை எடுக்கலாம்?

பண்டிகைத் தள்ளுபடி நெருங்கினால் டிவி பற்றிய கேள்விகள்தான் வந்து குவிகின்றன. எல்லாருடைய பட்ஜெட்டும் 12 ஆயிரத்திலிருந்து 25 ஆயிரத்துக்குள் இருப்பதால், பதிலும் அந்த விலை டிவிகளுக்கு மட்டும்தான்.

கே: 43 இஞ்ச்சில் ரெண்டு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று பெரிய கம்பெனி, ஃபுல் எச்டி. மற்றது அவ்வளவாகக் கேள்விப்படாத பிராண்ட், 4கே. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டில் கேபிள், யூடியூப், எப்போதாவது ஓடிடி. சோபாவுக்கும் டிவிக்கும் 8 அடி. எதை வாங்கலாம் சார்? (கோவை)

8 அடி என்று எழுதினீர்களே, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. 43 இஞ்ச் ஃபுல் எச்டி திரையை ஆறடி தள்ளி உட்கார்ந்து பார்த்தாலே நல்ல பார்வை உள்ளவருக்கும் புள்ளிகள் தனித்தனியாகத் தெரியாது, எட்டடியில் 4கே-யின் (ஃபுல் எச்டியைவிட நாலு மடங்கு புள்ளிகள்) கூடுதல் நுணுக்கம் கண்ணுக்கு வந்தே சேராது.

அப்புறம் கேபிள். பாக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஒயர் போகிறதா? அப்படியென்றால் அதில் வருவது எஸ்டி படம்தான், அதிகபட்சம் 720-க்கு 576 புள்ளி. அதை ஃபுல் எச்டி திரை 5 மடங்காகப் பெருக்கி நிரப்ப வேண்டும், 4கே திரை 20 மடங்காக. இந்த வேலையை ஒழுங்காகச் செய்கிற சிப் பட்ஜெட் டிவிகளில் அபூர்வம் என்பதால் சீரியலில் எல்லார் முகமும் மெழுகு பூசியதுபோல் இருக்கும், நீங்களும் கேபிள்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். (இன்னொன்று, புது டிவிகள் பலவற்றில் அந்த மூன்று துளைகளும் கிடையாது. ஒரே ஒரு சின்னத் துளையும் அதற்கென்று ஒரு குட்டி ஒயரும் இருக்கும். அந்த ஒயரை அட்டைப்பெட்டியோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.)

அதற்காக ஃபுல் எச்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. பெரிய கம்பெனிகளே இந்த அளவில் ஃபுல் எச்டியைக் கொஞ்சம் கைவிட்ட மாதிரிதான், பழைய சிப்பையும் குறைந்த ரேமையும் வைத்து ஓட்டுகிறார்கள். ரேம் 1 ஜிபி என்றால் தொடவே வேண்டாம், குறைந்தது 1.5, முடிந்தால் 2. வீட்டில் யூடியூப், ஓடிடிதான் அதிகம் ஓடும், கேபிள் செய்திக்கு மட்டும் என்றால் 4கே-யையே எடுங்கள். ஆனால் நெட்ஃபிளிக்ஸில் 4கே படம் வர அவர்களுடைய உச்ச பிளானும் 15 எம்பிபிஎஸ் இணைய வேகமும் வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்விப்படாத பிராண்ட் என்று பயப்படத் தேவையில்லை, கேள்விப்பட்ட பெயர் என்று நம்பவும் தேவையில்லை. கோடக், தாம்சன், பிளாபங்க்ட் மூன்றையும் இங்கே உரிமம் வாங்கித் தயாரிப்பது சூப்பர் பிளாஸ்ட்ரானிக்ஸ் என்ற ஒரே இந்தியக் கம்பெனி. தோஷிபா டிவி தொழில் 2018-லேயே ஹைசென்ஸ் கைக்குப் போய்விட்டது. எனவே பெயரை விட்டுவிட்டு, வாங்கும் முன்பே அந்த பிராண்டின் சர்வீஸ் நம்பருக்குப் போன் போட்டு உங்கள் பின்கோடைச் சொல்லி, ஆள் வருவாரா, எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். அந்த நம்பரையே யாரும் எடுக்கவில்லை என்றால் முடிவு தெரிந்துவிட்டது.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு என் ஓட்டு பெரிய கம்பெனி ஃபுல் எச்டிக்கு. ரேம் நிபந்தனையை மட்டும் மறக்காதீர்கள்.

கே: 32 இஞ்ச்சில் எச்டி ரெடி போதுமா, ஃபுல் எச்டி வேண்டுமா? பெட்ரூமுக்கு. (திருநெல்வேலி)

கட்டிலிலிருந்து 6, 7 அடி என்றால் எச்டி ரெடி போதும். கம்ப்யூட்டர் மானிட்டராகவும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஃபுல் எச்டி. 1366-க்கு 768 புள்ளியில் எழுத்தெல்லாம் பிசிறடிக்கும்.

கே: ஒன்றில் கியூஎல்இடி என்று ஸ்டிக்கர் இருக்கிறது, இன்னொன்று சாதா எல்இடி. 3 ஆயிரம் அதிகம் கொடுக்கலாமா? (சேலம்)

கியூஎல்இடி என்பதும் எல்இடி டிவிதான், பின்விளக்குக்கு முன்னால் குவாண்டம் டாட் அடுக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். நிறம் கொஞ்சம் செழிப்பாக வரும், கறுப்பு அதனால் கறுப்பாகிவிடாது. ஓஎல்இடியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், அது வேறு ஜாதி, வேறு விலை. எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும் படமுறை) ஸ்டிக்கரையும் இதே கணக்கில் சேருங்கள். இந்த விலை டிவிகளின் வெளிச்சம் பெரும்பாலும் 250, 300 நிட்ஸ்தான், அதில் எச்டிஆர் சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்டத் தெம்பு இருக்காது. அந்த 3 ஆயிரத்தை ஒரு சின்ன சவுண்ட்பாருக்கு எடுத்து வையுங்கள்.

கே: ஹால் அகலமானது, பாதிப் பேர் பக்கவாட்டில் உட்கார்ந்துதான் பார்ப்போம். கடையில் ரெண்டு டிவியும் ஒரே மாதிரி பளபளவென்று இருக்கின்றன. எப்படிக் கண்டுபிடிப்பது? (மதுரை)

பளபளப்பு கடையின் டெமோ மோட் வேலை. விற்பனையாளரிடம் சொல்லி ரெண்டையும் ஹோம் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், முகம் சுளிப்பார், பரவாயில்லை. அப்புறம் கம்பெனி கொடுத்த பூ, மீன் வீடியோவை நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு செய்திச் சேனலை ஓடவிட்டு நாலடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். வாசிப்பவர் முகம் வெளிறிப்போனால் அது அநேகமாக விஏ என்ற வகைப் பேனல் (திரை), அப்படியே இருந்தால் ஐபிஎஸ் வகை. விஏ-யில் கறுப்பு ஆழமாக இருக்கும், இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்க அதுதான் சுகம். ஆனால் உங்கள் ஹாலுக்கு ஐபிஎஸ். ஒரே மாடலிலேயே ஒவ்வொரு அளவுக்கும் வேறு வேறு பேனல் வைக்கும் கம்பெனிகள் உண்டு, அதனால் நீங்கள் வாங்கப்போகும் அளவையே பாருங்கள், பக்கத்திலிருக்கும் 55 இஞ்ச்சை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கே: அப்பா அம்மாவுக்கு வாங்குகிறேன். கூகுள் டிவியா, சாதாரண டிவியா? ஸ்விட்சைப் போட்டதும் சேனல் வர வேண்டும், அவ்வளவுதான் அப்பாவின் கண்டிஷன். (தஞ்சாவூர்)

நியாயமான கண்டிஷன். கூகுள் டிவி போன்ற ஸ்மார்ட் டிவியைப் போட்டால் முதலில் வருவது சினிமா விளம்பரம் நிறைந்த முகப்பு, அங்கேதான் பெரியவர்கள் சிக்கிக்கொள்கிறார்கள். பல மாடல்களில் செட்டிங்ஸில் ஆன் செய்ததும் நேராக எச்டிஎம்ஐக்கோ ஏவி-க்கோ (செட்டாப் பாக்ஸ் ஒயர் செருகியிருக்கும் துளை) போகும்படி வைக்கலாம், வாங்கும் முன் கடையிலேயே அதை மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். அது முடியாத டிவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பழைய டிவி நன்றாக ஓடுகிறது, அதில் எச்டிஎம்ஐ இருக்கிறது என்றால் புதிதே தேவையில்லை, யூடியூப், ஓடிடிக்கு அதில் செருகும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். இன்னொன்று, நெட்ஃபிளிக்ஸ் மொபைல் பிளான் டிவியில் ஓடாது. உங்கள் போன் கணக்கை அங்கே போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தால் அது நடக்காது.

கே: 43 இஞ்ச் வாங்கினால் கரண்ட் பில் எகிறுமா? ஸ்டெபிலைசர் வேண்டுமா? (விழுப்புரம்)

80 வாட் டிவி தினம் 6 மணி நேரம் ஓடினால் ரெண்டு மாத பில்லில் 29 யூனிட் சொச்சம். பேக்லைட்டை 100-லேயே வைக்காமல் 60, 70-க்கு இறக்குங்கள், யூனிட்டும் குறையும், பின்னாலிருக்கும் எல்இடி பட்டைகளும் கூடுதல் காலம் உழைக்கும். ஸ்டெபிலைசர் பற்றி: டிவியின் பின்னால் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் குறைந்த வோல்டேஜை அதுவே சமாளித்துக்கொள்ளும். உங்கள் ஊரில் வோல்டேஜ் அடிக்கடி அதற்கு மேலே ஏறுகிறது என்றால் மட்டும் வாங்குங்கள். இடிக்கு எந்த ஸ்டெபிலைசரும் நிற்காது, பிளக்கோடு சேர்த்துக் கேபிள் ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும்.

கே: இப்போதே வாங்கலாமா, விலை இன்னும் இறங்குமா? (சென்னை)

32 இஞ்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, 32-க்கு ஏற்கெனவே 18 தான். அதனால் வரி குறையும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஆடி, ஆயுத பூஜை, தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம், ஆனால் தள்ளுபடியில் தள்ளிவிடுவது பல நேரம் பழைய ஸ்டாக், எனவே பெட்டியில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை ஆரம்பத்திலிருந்தே வீடியோ எடுங்கள். திரை உடைந்திருந்தால் வாரன்டி வராது, வந்தபோதே உடைந்திருந்தது என்று காட்ட உங்கள் கையில் இருக்கப்போவது அந்த வீடியோ மட்டும்தான்.